உள்ளங்கால் யோகம்

ஒரு மாமியார் தன் மருமகளின் பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு பட்டுத் துண்டால் ஒற்றிவிடுவதை டாக்டர் ஜெபக்கனி தன் சர்வீஸில் பார்த்ததே இல்லை. மருமகள் காலை மாமியார் வாரிவிட்ட கதைகள் எத்தனையோ கேட்டிருக்கிறாள். எலும்பு முறிவுப் பிரிவு அவற்றை நம்பித்தான் ஓடியது. இது புதுசு.

மாமியாரின் பெயர் கவிப்பிரியா. அறுபது வயது, ஆறு வளையல், நெற்றியில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் குங்குமம். இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் ஆசை ஆசையாகப் பெயர் வைக்கப்பட்ட கவிப்பிரியாக்களும் தர்ஷினிகளும் இப்போதுதான் மாமியார் ஆகியிருக்கிறார்கள். பெயர் மாறினாலும் உத்தியோகம் மாறவில்லை.

"பாத்துச் சொல்லுங்க டாக்டரம்மா. நேத்து வெள்ளிக்கெழம பாத பூசைல வெள்ளித் தட்டெல்லாம் ரத்தமுங்க. லட்சுமி கால்ல ரத்தம் வரலாமுங்களா? அத மட்டும் நிறுத்திக் குடுங்க, நாங்க போயிக்கறோம்."

ஜெபக்கனி குனிந்து பார்த்தாள். இடது குதிகாலின் நட்டநடுவே ஒரு கறுப்பு. ஒரே கறுப்பும் இல்லை. ஒரு ஓரம் பழுப்பு, ஒரு ஓரம் நீலம், நடுவில் தார். விளிம்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அதற்கே தெரியாதது போல் பரவியிருந்தது. கோயமுத்தூரில் அந்த மருத்துவமனையின் தோல் புற்றுநோய்ப் பிரிவுக்கு அவள்தான் தலைமை சர்ஜன். ஸ்கேன் எதுவும் இல்லாமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"இது எத்தனை வருஷமா இருக்கு?"

"கேளுங்க அப்படி!" என்று கவிப்பிரியா உற்சாகமாகத் தன் போனை எடுத்தார். "வருசா வருசம் ஆடிப் பதினெட்டுக்கு ஒரு போட்டோ எடுத்துருவமுங்க. பக்கத்துல பத்து ரூவா நாணயத்த வெச்சு. இது இவ நம்மூட்டுக்கு வந்த வருசம், மொளகு சைசு. அப்ப எங்களுக்கு ஒரே ஒரு போர்வெல் ரிக் வண்டி. இது அடுத்த வருசம், ஆந்திரா காண்ட்ராக்ட். இது ஆப்பிரிக்காவுக்குப் போனப்ப. இந்த வருசம் நாணயத்தையே முழுங்கிப்போடுச்சு பாருங்க! மச்சம் வளர வளரத் தொழிலும் வளருதுங்க."

ஜெபக்கனி படங்களைப் பார்த்தாள். புற்றுநோய் வளர்வதை இவ்வளவு ஒழுங்காக, அளவுகோல் வைத்து, பூவும் போட்டு, எந்த ஆராய்ச்சிக்கூடமும் படமெடுத்ததில்லை. மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்தால் மாலை போட்டு வாங்கிக்கொள்வார்கள்.

திருச்செங்கோட்டுக்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். போர்வெல் போடுவது அந்த ஊரின் பரம்பரை வீரம். நூறு வருடமாக இந்தியாவையும் ஆப்பிரிக்காவையும் சல்லடையாக்கிவிட்டார்கள். பூமியில் இனித் துளைக்க இடமும் இல்லை, துளைத்தால் வரத் தண்ணீரும் இல்லை. ஆகவே இப்போது சந்திரனில் உறைந்து கிடக்கும் தண்ணீருக்கு அரசாங்கம் டெண்டர் விட்டிருந்தது, அதற்கு முதல் ஆளாக மனுப் போட்டிருந்தது கவிப்பிரியா குடும்பம். உள்ளங்காலில் மச்சம் இருந்தால் கடல் தாண்டும் யோகம் என்பது சாஸ்திரம். கடலையே தாண்டுகிற மச்சம் வானத்தைத் தாண்டாதா என்பது அவர்கள் கணக்கு.

"அம்மா, இது மச்சம் இல்ல" என்றாள் ஜெபக்கனி. "மெலனோமான்னு பேரு. தோலுக்குக் கறுப்பு குடுக்கிற செல்லுங்க இருக்கு. அதுல ஒண்ணு புத்தி கெட்டுப்போயி நிக்காம பெருகும். நம்ம கறுப்புத் தோல்காரங்களுக்குப் பெரும்பாலும் வெயில் படாத எடத்துலதான் வரும், உள்ளங்கால்ல, நகத்துக்கு அடியில. கேன்சர்ம்மா."

கவிப்பிரியா சிரித்தார். பாவம், படித்த பெண்ணுக்குத் தெரியவில்லையே என்கிற சிரிப்பு.

"கேன்சருன்னா ஆளு எளச்சுப் போவாங்கல்லங்க. இவளப் பாருங்க, கும்முனு இருக்கறா. டேய் தீரா, நீயே சொல்லு."

தீரன் என்பது கணவன். கதவருகே நின்றிருந்தான். பெயருக்குச் சொந்தக்காரர் வெள்ளைக்காரனை எதிர்த்துத் தூக்கில் தொங்கியவர். இவன் தன் தாயை எதிர்த்து ஒரு காபியில் சர்க்கரை வேண்டாம் என்று சொன்னதில்லை.

"அம்மா சொல்றதும் சரியாத்தான் இருக்குதுங்க" என்றான்.

கவிப்பிரியா காதில் மாட்டியிருந்த யோகமணியைத் தட்டினார். யோகமணி என்பது ஜோதிடச் செயலி. ஐம்பது தலைமுறை ஜோதிடர்களின் ஞானத்தையும் அதற்குச் சமமான விளம்பரங்களையும் விழுங்கி வளர்ந்தது. அது இனிமையான குரலில் அறைக்கே கேட்கும்படி சொன்னது: "உள்ளங்கால் மச்சத்தை அகற்றுதல் குடும்பத்தின் அஸ்திவாரத்தை அகற்றுவதாகும். இந்தப் பலனை உங்களுக்கு வழங்குவோர்..." கவிப்பிரியா அவசரமாக அணைத்தார்.

"கேட்டீங்களா?"

ஜெபக்கனி கேட்டாள். யோகமணி பொய் சொல்லாது. அதற்குப் பொய் எது, மெய் எது என்று தெரிந்தால்தானே சொல்வதற்கு? அவள் பொறுமையாக மாமியாரையும் மகனையும் வெளியே உட்காரவைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

மருமகள் இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. இருபத்தெட்டு வயதிருக்கும். பெயர் நறுமுகை.

"உன் கால், உன் உசுரு. நீ சரின்னு சொன்னா நாளைக்கே வெட்டி எடுத்துருவேன். யாரையும் கேக்க வேண்டியதில்ல" என்றாள் ஜெபக்கனி.

"தெரியுமுங்க டாக்டர். கேன்சருன்னும் தெரியும். ஆறு மாசம் முன்னாடியே படிச்சுட்டேன்."

"ஆறு மாசமா! என்ன படிச்சிருக்க நீ?"

"பாறையியல்ல டாக்டர் பட்டமுங்க." அவள் வெட்கப்பட்டுச் சொன்னாள், ஏதோ திருடியதை ஒப்புக்கொள்வது போல. "நெலத்துக்கு அடில எடுக்கற படத்தப் பாத்து எங்க தண்ணி இருக்குதுன்னு சொல்றது நாந்தான். எடத்தக் காட்டுவேன். அத்தை உடனே என்ற கால எடுத்து அங்க வெக்கச் சொல்லுவாங்க. தண்ணி வரும். எல்லாரும் கால்ல விழுந்து கும்புடுவாங்க."

"நீ கண்டுபிடிச்சதுன்னு யாருக்கும் தெரியாதா?"

"சொன்னனுங்க. 'பாத்தியா, மச்சம் உனக்கு மூளையவும் குடுத்துருச்சு'ன்னாங்க."

ஜெபக்கனிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அழுதுவிடுவோமோ என்று பயந்து அடக்கிக்கொண்டாள்.

"மச்சம் பாத்துத்தான் பொண்ணெடுத்தாங்க. மச்சம் போயிருச்சுன்னா அந்த வீட்டுல நான் யாருன்னு எனக்கே தெரியாதுங்க. நான் போட்ட வரைபடம், ஆராய்ச்சி எல்லாம் கம்பெனி பேருல இருக்குது. நெலாவுல எங்க துளைக்கணும்னு மூணு வருசமா உக்காந்து பாத்து வெச்சிருக்கறேன். டெண்டர் முடியட்டும் டாக்டர். தை பொறந்ததும் வந்துர்றேன்."

"ஏட்டி, கூறு இருக்கா உனக்கு?" கோபம் வந்தால் ஜெபக்கனியின் பேச்சு நாசரேத்துக்குப் போய்விடும். பிறந்து வளர்ந்த ஊர் அது. "தை வரைக்கும் அது டெண்டர் முடியட்டும்னு காத்துக்கிட்டு இருக்குமா? கேளு. இந்தக் கறுப்ப மட்டும் எடுத்தா போதாது. கண்ணுக்குத் தெரியாம சுத்திலும் சிந்திக் கெடக்கும். அதனால எல்லாப் பக்கமும் ரெண்டு சென்டிமீட்டர் நல்ல தோலையும் சேத்து வெட்டணும். அதோட தொடை இடுக்குல நெறிகட்டுமே, அங்க வரிசையா நெணநீர்க் கட்டிங்க இருக்கு. கால்லேர்ந்து கெளம்பற எந்தத் திருட்டுச் செல்லும் மொத கட்டி வழியாத்தான் போகணும். அவன்தான் வாட்ச்மேன். அவன எடுத்துப் பரிசோதிப்போம். அவன் சுத்தமா இருந்தா திருடன் இன்னும் வாசல் தாண்டலன்னு அர்த்தம். நீ தை வரைக்கும் இருந்தா வாட்ச்மேன் என்ன, வீடே போயிரும்."

நறுமுகை தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சாகவும் பயம், மச்சம் இல்லாமல் அந்த வீட்டில் வாழவும் பயம். எது பெரிய பயம் என்று ஆறு மாதமாக நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அதை நினைத்ததும் ஜெபக்கனிக்கு எரிச்சலெல்லாம் வடிந்து, இந்தப் பெண்ணை எப்படியாவது ஆபரேஷன் மேஜைக்குக் கொண்டுவர வேண்டும் என்கிற ஒரே எண்ணம்தான் மிஞ்சியது.

அப்போதுதான் அவளுக்குத் தோசைக்கல் நினைவுக்கு வந்தது.

வெட்டிய இடத்தை மூடுவதற்குத் தோல் அச்சடிக்கும் இயந்திரம் அது. முன்பெல்லாம் தொடையிலிருந்து தோலைச் சீவிப் பாதத்தில் ஒட்டுவார்கள். தொடைத் தோலுக்கு நடக்கத் தெரியாது, புண்ணாகும். இந்த இயந்திரம் நோயாளியின் நல்ல செல்களை வாங்கி, வளர்த்து, மாவு ஊற்றுவது போல வட்டமாகச் சுற்றிச் சுற்றி ஊற்றி, அசல் உள்ளங்கால் தோலையே தந்துவிடும். நர்ஸ்கள் வைத்த பெயர்தான் தோசைக்கல். எந்த நிறம் வேண்டுமானாலும் ஊற்றும்.

ஜெபக்கனி கதவைத் திறந்து கவிப்பிரியாவை உள்ளே அழைத்தாள்.

"அம்மா, பழைய மச்சத்துல விஷம் ஏறிருச்சு. அத எடுத்துட்டு, அதே எடத்துல அவ தோல்லயே புது மச்சம் வெச்சுத் தர்றேன். அச்சு அசலா இருக்கும்."

கவிப்பிரியா யோகமணியிடம் கேட்டார். "சொந்த உடலிலிருந்து உருவாவது மறுபிறப்புக்குச் சமம். தோஷமில்லை" என்றது அது. ஜெபக்கனி வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு ஜோதிடரை மனதாரப் பாராட்டினாள். ஆனால் கவிப்பிரியா எழுந்துவிடவில்லை.

"வளருமுங்களா?"

"எது?"

"புது மச்சமுங்க. வருசா வருசம் வளரோணும்ல?"

"வளரக்கூடாதுன்னுதானேம்மா ஆபரேஷன்!"

"வளராத மச்சத்த வெச்சு நான் என்னங்க பண்றது? நின்ன எடத்துல நிக்கற தொழிலு எங்கூர்ல செத்த தொழிலுங்க. வளந்தா பண்ணுங்க, இல்லாட்டி இப்படியே இருக்கட்டும்."

கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்ததென்று மகிழ்ந்தால், அது வரம் கொடுப்பதற்குப் பதில் பேரம் பேசியது. அரைமணி நேரம் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். உயிருள்ள கறுப்பு செல் எதையும் ஜெபக்கனி வைக்கமாட்டாள். வெறும் மை. அந்த மை வருடத்துக்கு ஒரு நெல்மணி அகலம் பரவும்படி அடுக்கி வைக்கலாம். கவிப்பிரியாவுக்குத் திருப்தி. வருடத்துக்கு ஒரு நெல் என்றால் நிதானமான வளர்ச்சி, வங்கிக்காரர்களுக்கும் பிடிக்கும்.

ஜெபக்கனிக்குத்தான் தூக்கம் போயிற்று. மெலனோமா திரும்பி வந்தால் பெரும்பாலும் வெட்டிய இடத்தின் ஓரத்தில்தான் எட்டிப் பார்க்கும், சின்னக் கறுப்புப் புள்ளியாக. அந்த இடத்தில் அவளே கறுப்பு மையை ஊற்றி, அது வளரவும் ஏற்பாடு செய்கிறாள். திருடன் வரும் பாதையில் விளக்கை அணைத்து வைப்பது போல.

ஆபரேஷனுக்கு முன் நறுமுகையின் கையைப் பிடித்துக்கொண்டு அதைச் சொல்லவும் செய்தாள். "கறுப்புக்குள்ள கறுப்பு ஒளிஞ்சா என் கண்ணுக்கே தெரியாது. ஸ்கேன்தான் காட்டும். மூணு மாசத்துக்கு ஒருக்கா வரணும். வராம இருந்தியோ, நான் பண்ணது வைத்தியம் இல்ல, துரோகம்."

"வந்துருவனுங்க டாக்டர்."

ஆபரேஷன் நன்றாக நடந்தது. இயந்திரக் கை எல்லை போட்டது, ஜெபக்கனி வெட்டினாள். சுற்றிலும் இரண்டு சென்டிமீட்டர், ஆழத்தில் தசையைப் போர்த்திய சவ்வு வரை. பாதத்தில் ஏற்றிய நீலச் சாயம் மேலேறித் தொடை இடுக்கில் ஒரு கட்டியில் போய் நின்றது. அந்த வாட்ச்மேனை மட்டும் எடுத்தாள். அவளுடைய ஆசிரியர்களின் ஆசிரியர்கள் காலத்தில் அங்கேயிருக்கும் கட்டிகளையெல்லாம் கூண்டோடு வாரி எடுப்பார்களாம். நோயாளி பிழைத்துக்கொள்வார், கால் மட்டும் ஆயுள் முழுக்க யானைக்கால் போல வீங்கிக் கிடக்கும். வாட்ச்மேன் சுத்தம் என்று முடிவு வந்தது. ஜெபக்கனி அன்றைக்குக் கேன்டீனில் எல்லோருக்கும் அதிரசம் வாங்கிக் கொடுத்தாள்.

தை பிறந்தது. சந்திரன் டெண்டர் கவிப்பிரியா குடும்பத்துக்கே விழுந்தது. மூன்று வருடமாக உட்கார்ந்து ஒரு பெண் வரைந்த வரைபடத்தைப் பார்த்துத்தான் கொடுத்தார்கள் என்பது டெண்டர் கொடுத்தவர்களுக்கு மட்டும் தெரியும். ஊருக்குத் தெரிந்தது, விஷம் நீங்கிப் புதுப்பிக்கப்பட்ட மச்சம்.

அப்புறம் ஊர் சும்மா இருக்குமா? திருச்செங்கோட்டிலிருந்து கார்கள் வரிசையாகக் கோயமுத்தூருக்கு வந்தன. ரிக் முதலாளிகளின் மனைவிமார், மருமகள்கள், ஒரு வீட்டில் வளர்ப்பு நாய். எல்லோருக்கும் இடது உள்ளங்காலில், பெரிசு பண்ணி, வளர்கிற மச்சம் வேண்டும். மருத்துவமனை நிர்வாகம் யோசிக்கவே இல்லை. புற்றுநோய் வந்தவர்களை மட்டும் நம்பி எத்தனை நாள் மருத்துவமனை நடத்துவது? 'அதிர்ஷ்ட மச்சம்' என்று ஒரு தனிப் பேக்கேஜ் போட்டுவிட்டார்கள். ஜெபக்கனி கத்தினாள், சண்டை போட்டாள், ஒன்றையும் தொடமாட்டேன் என்றாள். தொட வேண்டாம் என்று பவ்யமாகச் சொல்லிவிட்டு, ஜூனியர்களை வைத்துச் செய்தார்கள். போஸ்டரில் மட்டும் அவள் படம். நூற்றுக்கணக்கான உயிரைக் காப்பாற்றியவளுக்கு ஊர் கடைசியில் வைத்த பெயர் மச்ச டாக்டர்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது வேறு. நறுமுகை முதல் ஸ்கேனுக்கு வந்தாள், அதன்பின் வரவே இல்லை. போன் செய்தால் கவிப்பிரியா எடுத்தார். "ஸ்கேன் வெளிச்சம் பட்டா மச்சத்தோட சக்தி போயிருமுன்னு யோகமணி சொல்லிப்போடுச்சுங்க. நல்லாத்தான் இருக்கறா. மச்சம் ஜம்முனு வளருது. நீங்க சொன்னத விடவே நல்லா வளருதுங்க!"

நீங்கள் சொன்னதைவிட. அந்த வார்த்தை ஜெபக்கனியின் நெஞ்சில் முள்ளாக நின்றது. பரவுவது மையா, மற்றதா? பார்த்தால் தெரியாதபடி செய்துவைத்தவள் அவளே. மறுபடி மறுபடி கூப்பிட்டும் போன் கவிப்பிரியாவைத் தாண்டவில்லை.

சந்திரனில் ரிக் இறங்கித் துளைக்கிற நாளுக்கு அழைப்பு வந்தது. கல்யாணப் பத்திரிகை மாதிரி, மஞ்சள் தடவி. மேல் மூலையில் பிள்ளையார், கீழ் மூலையில் ஒரு இடது பாதம். கைக்குள் அடங்கும் ஸ்கேனர் ஒன்றைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஜெபக்கனி திருச்செங்கோட்டுக்குக் கிளம்பினாள்.

வீட்டுக்கு முன்னால் பந்தல், ஆயிரம் பேருக்குச் சாப்பாடு, மேடையில் சுவரளவு திரை. திரையில் சந்திரனின் சாம்பல் தரையில் ரிக் ஒன்று தனியாக நின்று குடைந்துகொண்டிருந்தது. நேரடி ஒளிபரப்பு என்றார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஜவுளிக்கடை விளம்பரம் போட்டு, போட்ட நேரத்துக்கு நிலவை நிறுத்தி வைத்தார்கள். கவிப்பிரியா ஓடிவந்து ஜெபக்கனியை முன்வரிசையில் உட்காரவைக்கப் பார்த்தார். பாத்ரூம் போகவேண்டும் என்று சொல்லி அவள் மாடிக்கு நழுவினாள்.

மாடி அறையில் நறுமுகை தனியாக இருந்தாள். முன்னால் மூன்று திரைகள். ரிக்கின் முனையிலிருந்து வரும் தகவல்கள் விளம்பரம் எதுவும் இல்லாமல் நேராக அவளிடம்தான் வந்தன. காலில் வெள்ளிச் சிமிழ் போல ஒரு உறை, பூசைக்காக.

"காலக் காட்டு" என்றாள் ஜெபக்கனி. வணக்கம்கூடச் சொல்லவில்லை.

நறுமுகை உறையைக் கழற்றிக் காலை நீட்டினாள். கறுப்பு குதிகாலில் பாதியை மூடியிருந்தது. ஜெபக்கனி கைப்பையைத் திறந்தாள். ஸ்கேனரை எடுப்பதற்குள் நறுமுகை எழுந்து குழாயடிக்குப் போய், சோப்பைப் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். தண்ணீர் கறுப்பாக ஓடியது. திரும்பி வந்து காட்டியபோது பாதம் வெள்ளைவெளேர் என்றிருந்தது.

"என்னட்டி இது?"

"நீங்க கறுப்புக்குள்ள கறுப்பு ஒளியும்னு சொன்னீங்கல்லங்க. மொத ஸ்கேன் முடிஞ்ச கையோட சேலத்துக்குப் போயி உங்க மைய அழிச்சுட்டேன். பச்சை குத்துன பழைய காதலன் பேர அழிக்கற கடை ஒண்ணு இருக்குதுங்க. 'மேடம், இவரு பேரு என்ன, வட்டமா இருக்குது?'ன்னு கேட்டான். அன்னைலேர்ந்து தெனமும் நானேதான் வரையறேன். நல்ல திட்டமா இருந்தா கொஞ்சம் பெருசா வரைவேன், அத்தை கையெழுத்துப் போட்டுருவாங்க. மோசமான திட்டமுன்னா சின்னதா வரைவேன், விட்டுருவாங்க. கம்பெனிய ஒன்றரை வருசமா இந்தக் கால்தான் நடத்துது." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "தெனமும் குளிக்கறப்பக் கழுவிக் கண்ணாடி வெச்சுப் பாப்பனுங்க."

ஜெபக்கனிக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பெரிய பாரம் ஒன்று இறங்கியது.

"ஆனா இது மட்டும் கழுவுனா போகமாட்டேங்குதுங்க" என்று நறுமுகை விரலால் காட்டினாள்.

தையல் தழும்பின் ஓரத்தில், கடுகளவு.

ஜெபக்கனி ஸ்கேனரை வைத்தாள். தேவையில்லாமலே வைத்தாள். சிவப்பாக மின்னியது.

"எப்பப் பாத்த?"

"ஆவணில."

"இப்ப ஐப்பசி! ஏ மூதி, ரெண்டு மாசம் என்ன பண்ணிக்கிட்டு இருந்த? இந்த வீட்டுக்காக உசுர வெச்சா வெளையாடுவாங்க?"

"வீட்டுக்கு இல்லீங்க." நறுமுகையின் கண் கலங்கியிருந்தது, குரல் மட்டும் கலங்கவில்லை. "இந்தத் துளை நான் போட்டது. தண்ணி வர்றதுக்கு முன்னாடி நான் ஆஸ்பத்திரில படுத்துட்டா, மச்சத்துக்குக் கேடு வந்துருச்சுன்னு துளைக்கறத நிறுத்திருப்பாங்க. அஞ்சு வருசம் டாக்டர். எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான்."

திட்டுவதற்கு ஜெபக்கனி வாயெடுத்தாள். அதற்குள் நடுத்திரையில் ஒரு கோடு எகிறியது. நறுமுகை பாய்ந்துபோய்ப் பார்த்தாள். எண்களைப் படித்தாள். மறுபடி படித்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐஸுங்க. நான் சொன்ன ஆழத்துலயே. தண்ணி வந்துருச்சு டாக்டர்!"

கீழே பந்தலில் ஜவுளிக்கடை விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. சந்திரனில் தண்ணீர் வந்த செய்தி பூமியில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். நறுமுகை முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மை டப்பாவை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டாள்.

"வாங்க, கீழ போலாம். விளம்பரம் முடியறதுக்குள்ள அத்தை என்ற வெறுங்காலப் பாக்கோணும். மச்சமில்லாமயே தண்ணி வந்துதுன்னு தெரியோணும்."

வெறும் பாதத்தோடு படியிறங்கிப் போனாள். கவிப்பிரியா பார்த்தார். முகம் செத்துப்போயிற்று. "மச்சம் எங்கடி?" என்று அவர் அலறுவதற்கும் விளம்பரம் முடிந்து திரையில் நிலவு வருவதற்கும் சரியாக இருந்தது. ரிக்கின் அடியிலிருந்து ஆவி பீறிட்டது. கூட்டம் எழுந்து ஆர்ப்பரித்தது. கேமரா மெல்ல நெருங்கிப் போய்க் காட்டியது. சாம்பல் தரையில் வட்டமாக, கரிய நிறத்தில், ஒரு துளை.

கவிப்பிரியா திரையைப் பார்த்தார். பாதத்தைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"மச்சம் நெலாவுல எறங்கிருச்சுடி ஆத்தா!" என்று மருமகளின் காலில் விழுந்தார்.

நம்பிக்கைக்குத் தோல்வியே கிடையாது என்பதை ஜெபக்கனி அன்று நேரில் பார்த்தாள். காலில் மச்சம் இருந்தாலும் யோகம், போனாலும் யோகம். அவளும் சமயம் பார்த்துச் சொன்னாள்: "இங்க கொஞ்சம் வேர் மிச்சமிருக்கும்மா. அதையும் எடுக்கணும்."

"அங்க போனதுக்கப்புறம் இங்க மிச்சம் என்னத்துக்குங்க? நாளைக்கே எடுத்துருங்க. முழுசாப் போயிச் சேரட்டும்!"

மறுவாரமே திருச்செங்கோட்டுக் கார்கள் திரும்பி வந்தன, மச்சத்தை எடுத்துவிடச் சொல்லி. எடுப்பதற்கு முன் எல்லோருடைய காலையும் ஸ்கேன் செய்தே தீருவேன் என்று ஜெபக்கனி நின்றாள். ஒரு பெண்ணுக்கு மைக்கு அடியில் நிஜக் கறுப்பு இருந்தது. நாய்க்கு ஒன்றுமில்லை.

நறுமுகைக்கு மறுபடி வெட்டி, மறுபடி தைத்தாயிற்று. இம்முறை தோசைக்கல் வெறும் தோலை ஊற்றியது. முதல் வாட்ச்மேன் போய்விட்டதால் அடுத்து நின்றவனைச் சாயம் காட்டியது. அவனை எடுத்து அனுப்பினாள். முடிவு வந்த காலையில் ஜெபக்கனி அதைக் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் ரொம்ப நேரம் நின்றாள். ஆவணியில் வந்திருந்தால் என்று நினைத்தாள். நினைத்து என்ன பண்ண?

அறையில் நறுமுகை கட்டிலில் சாய்ந்திருந்தாள். கவிப்பிரியா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார், தீரன் கதவருகே.

"கட்டியில கொஞ்சம் செல் போயிருக்கு" என்றாள் ஜெபக்கனி, நறுமுகையைப் பார்த்து. "ஆனா மருந்து இருக்கு. உடம்போட எதிர்ப்புச் சக்திய எழுப்பிவிடற மருந்து. ஒரு வருஷம் இங்க வந்து ஏத்திக்கணும். ஒண்ணுகூட விடாம ஏத்துனா நல்ல வாய்ப்பு இருக்கு."

நறுமுகை மெல்லத் தலையாட்டினாள். கவிப்பிரியாவின் கையில் ஆரஞ்சு நின்றுவிட்டது.

"மச்சம் போனதும் நோவு வந்துருச்சுங்களா? அப்ப... ராசி போயிருச்சா? தீரா, எதுக்கும் கொஞ்ச நாளைக்கு இவளப் பொறந்த ஊட்டுல விட்டுப்போட்டு வரலாமா? ஒரு வருசம் ஆஸ்பத்திரின்னா..."

"அம்மா சொன்னாச் சரிங்க" என்று தீரன் தரையைப் பார்த்தான்.

பிறந்த வீடு என்பது வயதான அப்பா ஒருவர், எங்கோ ஒரு மலையோரக் கிராமத்தில். அங்கே மருந்து ஏற்றுகிற ஆஸ்பத்திரி இல்லை, கோயமுத்தூர் வரை கூட்டி வரவும் ஆளில்லை. நறுமுகை தலையணையிலிருந்து ஜெபக்கனியைப் பார்த்தாள். பிறகு மாமியாரின் காதிலிருந்த யோகமணியைப் பார்த்தாள். அவள் என்ன கேட்கிறாள் என்று ஜெபக்கனிக்குப் புரிந்தது.

கவிப்பிரியா கடைசியாக ஒரு தடவை கேட்டார், பயந்த குரலில். "அந்தக் கட்டி எந்தப் பக்கமுங்க டாக்டரம்மா?"

"இடது பக்கம்."

"பொம்பளைக்கு இடது பக்கமுன்னா... நல்லதுதானுங்களே?"

முப்பது வருடம் அறிவியல் பேசிய வாய். கட்டிலருகே வந்து ஜெபக்கனி அதைத் திறந்தாள்.

"யோகந்தாம்மா" என்றாள். "பெரிய யோகம். ஒரு வேளை மருந்துகூட விடாம ஏத்துனாத்தான் நெலைக்கும்."

கவிப்பிரியா கன்னத்தில் போட்டுக்கொண்டு, ஆரஞ்சுச் சுளையை மருமகளின் வாயில் ஊட்டினார்.